ரேபிஸ் வந்தால் மூளையின் மரபணுக்களுக்கு என்ன ஆகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தெருநாய்ப் பேச்சை எடுத்தால் வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்துவிடும். அந்தச் சண்டைக்குள் இங்கே போகப் போவதில்லை. நான் கால்நடை நுண்ணுயிரியல் படித்தவள். நாய்க்கடி பற்றிப் பேசுவதற்காக மாதவரம், பெரம்பூர், வேளச்சேரி பக்கம் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போய் வருகிறேன். எத்தனை ஊசி, எங்கே போட வேண்டும் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். பேச்சு முடிந்து டீ குடிக்கும்போதுதான் வேறு மாதிரிக் கேள்விகள் வரும்: மூளைக்குள் என்னதான் நடக்கிறது, ஜீன் மாறிவிடுமா, தொண்ணூறு சதவீதம் அணைந்துவிடுமாமே என்று.

திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் வாக்கிலேயே போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். மாணவர்கள் நேராக 7ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. ரேபிஸ் ரத்தத்துல ஏறுற விஷமா, நரம்புல ஏறுறதா?

நரம்பில் ஏறுவது. கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும் வைரஸ் தசையில் சில காலம் தங்கிவிட்டு, அங்கே வந்து சேரும் நரம்பு முனையைப் பிடித்துக்கொள்கிறது. நரம்புச் செல்லுக்குள் முனையிலிருந்து செல்லின் உடல்வரை சரக்கு இழுத்துச் செல்ல டைனீன் என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதில் தொற்றிக்கொண்டு நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து தண்டுவடத்துக்கும், பிறகு மூளைக்கும் போகிறது.

கடிபட்ட நாளுக்கும் முதல் அறிகுறிக்கும் நடுவே பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்தில், கழுத்தில் கடித்திருந்தால் அதைவிடக் குறையலாம். ஒரு வருடம் தாண்டி வந்த அரிய நிகழ்வுகளும் உண்டு. இந்த இடைவெளியின் பெரும்பகுதியில் வைரஸ் மூளைக்கு வந்தே சேராததால் மூளை மரபணுக்களில் ஒரு மாற்றமும் இருக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அடிப்படை இதுதான்.

2. ஜீன் ஆக்டிவிட்டின்னா என்ன மேடம்? ஜீன் சும்மா உள்ள இருக்கிறதுதானே?

கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. வாசிக்கப்படும் மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ என்ற நகல் கிளம்புகிறது. அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. டிபன் கடையில் நூறு பலகாரத்துக்குக் கைப்பக்குவம் இருந்தாலும், அடுப்படிக்கு எந்தச் சீட்டு எத்தனை போகிறதோ அதுதான் இலைக்கு வரும். தூது ஆர்என்ஏதான் அந்தச் சீட்டு.

மூளைத் திசுவை எடுத்து, அதிலுள்ள ஆர்என்ஏவைப் பிரித்து, எந்தச் சீட்டு எத்தனை என்று எண்ணினால் அந்த நேரத்து மரபணுச் செயல்பாடு தெரியும். நோயுற்ற மூளையையும் நல்ல மூளையையும் இப்படி எண்ணி ஒப்பிட்டால் எது ஏறியது, எது இறங்கியது என்ற பட்டியல் கிடைக்கும். முன்பு மைக்ரோஅரே என்ற சில்லில் எண்ணினார்கள். இப்போது ஆர்என்ஏவை நேரடியாக வரிசைப்படுத்தியே எண்ணுகிறார்கள்.

3. அந்த வைரஸ் நம்ம டிஎன்ஏக்குள்ள போய் ஒளிஞ்சுக்குமா? ஹெச்ஐவி அப்படித்தானே பண்ணுது?

ஹெச்ஐவி அப்படிச் செய்யும், ரேபிஸ் செய்யாது. ரேபிஸ் வைரஸின் மரபுப் பொருள் ஆர்என்ஏ. சுமார் 12,000 எழுத்து நீளம், மொத்தமே ஐந்து மரபணு. அவை தரும் ஐந்து புரதங்களை என், பி, எம், ஜி, எல் என்று ஓரெழுத்தில் அழைப்பார்கள். இவற்றில் பி, எம், ஜி மூன்றும் கீழே அடிக்கடி வரும். டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு வெளியே, செல்லின் குழம்பிலேயே இந்த வைரஸ் பெருகிக்கொள்கிறது.

அப்படிப் பெருகும் இடம் மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். 1903ல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி கண்டதால் அவற்றுக்கு நெக்ரி உருண்டைகள் என்று பெயர். நூறு வருடத்துக்கு மேல் இவற்றை நோயின் அடையாளமாக மட்டும் பார்த்தார்கள். வைரஸின் என், பி புரதங்கள் திரண்டு உண்டாகும் துளிகள் இவை என்பதும், வைரஸ் தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பட்டறை இவைதான் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

4. கடிபட்டவங்க நாய் மாதிரி குரைக்கிறாங்க. நாயோட ஜீன் கலந்ததாலதானே?

இல்லை. நாயின் எச்சிலில் வருவது வைரஸ் மட்டுமே. வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று எங்கள் பாட்டி தலைமுறை நம்பியதும் இதே வகைதான். வௌவால் கடித்து ரேபிஸ் வந்தவருக்கும் இதே அறிகுறிகள்தான் வரும். அவர்கள் யாரும் பறப்பதில்லை.

மூளைத் தண்டில் விழுங்குவதையும் மூச்சையும் ஆளும் நரம்புக் கூட்டங்கள் தடுமாறும்போது தொண்டைத் தசைகளும் உதரவிதானமும் திடீர் திடீரென இறுகும். தண்ணீரைப் பார்த்தாலே, விசிறிக் காற்று பட்டாலே அந்த இறுக்கம் வரும். அப்போது இழுத்து விடும் மூச்சின் சத்தம் கரகரவென்று கேட்கும். பயந்துபோன காதுக்கு அது குரைப்பாகப் படுகிறது.

5. மூளை அழுகிப் போயிடும்னு சொல்றாங்களே. ஸ்கேன்ல ஓட்டை ஓட்டையா தெரியுமா?

இந்த நோயில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் இதுதான். ரேபிஸில் இறந்த ஒருவரின் மூளையை வெட்டிப் பார்த்தால், அப்படி ஒரு சாவுக்கு ஈடான சேதம் கண்ணில் படாது. கொஞ்சம் வீக்கம், ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளணு, நெக்ரி உருண்டைகள், அவ்வளவுதான். நரம்புச் செல்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்திருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பார்க்கும் அழிவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வைரஸுக்கு அந்தச் செல் உயிரோடு வேண்டும். செல் செத்தால் அடுத்த நரம்புக்குப் போகும் வழி அடைபடும். அதனால் வைரஸின் ஜி புரதம் செல்லுக்குள் இருக்கும் மாஸ்ட்-2 போன்ற புரதங்களைப் பிடித்து, செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்கிறது. கொடிய வகை வைரஸ்கள் நரம்புச் செல்லைப் பிழைக்க வைக்கின்றன, பலவீனமான வகைகள் சாகடிக்கின்றன. படிக்கும் மாணவர்களுக்கே இது முதலில் மண்டையில் ஏறாது. இரண்டாம் தடவை படித்தால் எல்லாம் இதிலிருந்தே கிளைப்பது தெரியும்.

6. செல்லு சாகலன்னா ஆளு ஏன் சாகறாங்க?

செல் இருக்கிறது, அதன் வேலை கெட்டுவிடுகிறது. நரம்புச் செல்லின் வேலை மின் துடிப்பை உண்டாக்குவதும் அடுத்த செல்லுக்கு வேதிப் பொருள் வழியாகச் சேதி சொல்வதும். வைரஸ் தொற்றிய நரம்புச் செல்களில் சோடியத்தை உள்ளே விட்டுத் துடிப்பைக் கிளப்பும் வாயில்களின் வேலை குறைவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். செரடோனின் போன்ற சேதிப் பொருள்கள் வந்து பிடிக்கும் இடங்களும் பாதிக்கப்படுகின்றன. தூக்கம், மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் இந்தச் சேதிகளை நம்பியே ஓடுகின்றன. மூளைத் தண்டு முறை தவறினால் மூச்சும் இதயமும் நிற்கும்.

அண்மைக்காலத்தில் சேர்ந்த இன்னொரு துண்டும் உண்டு. செல்லின் உடல் முழுசாக இருக்கும்போதே, அதன் நீண்ட இழைகள் மணிமணியாகக் கோத்தாற்போல் வீங்கி அறுகின்றன. இதை நடத்துவது நம் செல்லின் சொந்தப் புரதமான சார்ம்-1. அது எரிபொருள் வேதியான என்ஏடியைத் தீர்த்து இழையை அறுக்கிறது. வைரஸ் அடுத்த செல்லுக்குத் தாவாமல் பாலத்தை வெட்டும் முயற்சி என்று இதை விளக்குகிறார்கள். வைரஸை நிறுத்த வெட்டிய பாலம், மூளையின் சேதிக்கும் பாலம்தான்.

7. ரேபிஸ் வந்தா மூளையில 90 சதவீத ஜீன் ஆஃப் ஆயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிஜமா?

எண் கற்பனை இல்லை, ஓர் ஆய்விலிருந்து வந்தது. 2001ல் பிலடெல்பியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கொப்ராவ்ஸ்கி குழு, ரேபிஸ் தொற்றிய எலி மூளையையும் நல்ல எலி மூளையையும் ஒப்பிட்டது. ஒரு மூளையின் ஆர்என்ஏவிலிருந்து இன்னொன்றின் ஆர்என்ஏவைக் கழித்து மிச்சத்தைப் பார்க்கும் முறை அது. இயல்பான மூளையில் செயல்படும் மரபணுக்களில் சுமார் 90 சதவீதம் நான்கு மடங்குக்கும் மேல் குறைந்திருந்தன, சுமார் 1.4 சதவீதம்தான் கூடியிருந்தன என்று எழுதினார்கள். கொப்ராவ்ஸ்கி சாதாரண ஆள் இல்லை. பழைய ஆட்டு மூளை ஊசிக்கு (15ஆம் பதில்) மாற்றாக, மனிதச் செல்லில் வளர்த்த ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கியவர்களில் ஒருவர்.

ஆனால் இந்த எண்ணை ‘மூளை 90 சதவீதம் அணைந்துவிட்டது’ என்று படிப்பது தவறு. அது எலியில், நோய் முற்றிய மூளையில், குறிப்பிட்ட ஒரு முறையில் கிடைத்த அளவு. வைரஸ் பெருகும்போது செல்லுக்குள் வைரஸின் சொந்த ஆர்என்ஏவே மலையாகக் குவிகிறது. மொத்தச் சீட்டில் வைரஸின் பங்கு ஏறினால், மற்ற சீட்டுகள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் பங்கு இறங்கியதாகவே காட்டும். மேலும் செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரத்தை வைரஸின் எம் புரதம் மந்தப்படுத்துகிறது என்பதும் தனியே நிரூபணமானது. ஆகவே ‘குறைவு’ உண்மை. எவ்வளவு குறைவு என்பது எந்த வைரஸ் வகை, எந்த நாள், மூளையின் எந்தப் பகுதி, எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்தது.

பிறகு மைக்ரோஅரேயிலும் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலிலும் வந்த ஆய்வுகள் வேறு படம் காட்டின. பெரும்பாலான மரபணுக்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. எதிர்ப்பு சம்பந்தமான ஒரு கூட்டம் பல மடங்கு ஏறுகிறது. நரம்புச் சேதிப் பரிமாற்றம் சார்ந்த ஒரு கூட்டம் இறங்குகிறது. என்னைக் கேட்டால், 2001 ஆய்வின் மதிப்பு அந்த எண்ணில் இல்லை. ரேபிஸை ‘செல் அழியும் நோய்’ என்று தேடிக்கொண்டிருந்தவர்களை ‘செல்லின் வேலை மாறும் நோய்’ என்ற பக்கம் திருப்பியதில் இருக்கிறது.

8. சரி, எந்த ஜீன் எல்லாம் ஏறுது? பேர் சொல்லுங்க, ப்ராஜெக்ட்டுக்கு வேணும்.

மூன்று கூட்டமாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில், செல்லுக்கு எந்த அதிர்ச்சி வந்தாலும் உடனே எழும் அவசர மரபணுக்கள்: சி-ஃபாஸ், ஜுன்-பி, ஈஜிஆர்-1. தொண்ணூறுகளிலேயே எலி மூளையில் இவை ஏறுவதைப் பார்த்துவிட்டார்கள். அதே காலத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைத் தயாரிக்கும் ஐனாஸ் என்ற நொதியின் மரபணு, இயல்பான மூளையில் அடங்கியே இருப்பது, ரேபிஸில் எழுவதையும் கண்டார்கள்.

இரண்டாவது, பெரிய கூட்டம், வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள். ஆர்ஐஜி-ஐ, டோல் ஏற்பிகள் போன்ற காவல் புரதங்கள், ஐஆர்எஃப்-7, ஸ்டாட்-1, ஐஎஸ்ஜி-15, ஐஃபிட் குடும்பம். இவை பெரும்பாலும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளின் கட்டளையில் ஏறுபவை. மூன்றாவது, வெள்ளணுக்களை அழைக்கும் சேதிப் பொருள்கள்: சிஎக்ஸ்சிஎல்-10, சிசிஎல்-5. இதே ப்ராஜெக்ட்டில் ‘இறங்குபவை’ என்று ஒரு பத்தி வேண்டுமென்றால் 6ஆம் பதிலில் சொன்ன வாயில்கள், சேதி ஏற்பிகள் பக்கம் தேடுங்கள்.

9. இவ்வளவு அலாரம் அடிக்குதே, அப்புறமும் வைரஸ் எப்படித் தப்பிக்குது?

அலாரம் அடிப்பவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூளையை மொத்தமாக அரைத்து எண்ணும்போது வைரஸ் புகுந்த நரம்புச் செல், புகாத நரம்புச் செல், சுற்றியுள்ள மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வைரஸ் புகுந்த செல்லுக்குள்ளே பி புரதம் இரண்டு இடத்தில் கம்பியை அறுக்கிறது. இன்டர்ஃபெரான் தயாரிக்கச் சொல்லும் ஐஆர்எஃப்-3 என்ற புரதம் முடுக்கப்படாமல் தடுக்கிறது. வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் வந்தாலும், அந்தச் சேதியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-1, ஸ்டாட்-2 புரதங்களை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. அதாவது அலாரம் ஒரு செல்லில் அடிக்கும், கதவைப் பூட்ட வேண்டிய செல்லுக்கு அது கேட்காது.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. தொற்றிய மூளையில் பிடி-எல்1 என்ற புரதத்தின் மரபணு ஏறுகிறது. புற்றுநோய் மருத்துவத்தில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். டி வெள்ளணு வந்து இதைத் தொட்டால் அடங்கிப்போகும், சாகவும் செய்யும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இந்த மரபணு இல்லாத எலிகளுக்கு ரேபிஸ் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் நோய் தணிந்திருந்தது. ஆக, ‘ஏறிய மரபணு’ என்றாலே நமக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

10. பலவீனமாக்கின வைரஸ்தான் மூளையில ஜாஸ்தி கலாட்டா பண்ணுமாம், தெருவுல இருக்கிற வைரஸ் சைலன்ட்டா இருக்குமாம். தலைகீழா இருக்கே?

கேட்டவர் வேளச்சேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன். சரியான இடத்தைப் பிடித்தான். 2005ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு, வௌவாலிலிருந்து வந்த கொடிய வகையையும் ஆய்வகத்தில் பலவீனமான வகையையும் எலி மூளையில் ஒப்பிட்டது. பலவீனமான வகைதான் எதிர்ப்பு மரபணுக்களை வலுவாகத் தூண்டியது. கொடியது முடிந்தவரை சத்தமில்லாமல் போனது.

இதன் விளைவு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பில் தெரியும். எதிர்ப்புச் சேதி வலுவாக எழுந்தால் அந்தத் தடுப்பு கொஞ்சம் திறந்து வெள்ளணுவும் எதிர்ப்புப் புரதமும் (ஆன்டிபாடி) உள்ளே வரும், வைரஸ் துடைக்கப்படும். கொடிய வகையில் தடுப்பு மூடியே இருக்கும். உடம்பில் எதிர்ப்புப் புரதம் உருவானாலும் தேவையான இடத்துக்குப் போய்ச் சேராது. மற்ற மூளைக்காய்ச்சல்களில் அழற்சியைக் குறைக்கப் பார்ப்போம். ரேபிஸில் ஓரளவு அழற்சி வந்தால்தான் பிழைக்க வாய்ப்பு.

11. எல்லாம் எலியிலதானே? மனுஷ மூளையில பார்த்தாங்களா?

பார்த்திருக்கிறார்கள், நம் பக்கத்து ஊரிலேயே. பெங்களூரு நிம்ஹான்ஸும் அங்குள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் சேர்ந்து, ரேபிஸில் இறந்தவர்களின் மூளைத் திசுவில் புரதங்களின் ஏற்ற இறக்கத்தை அளந்து 2013ல் வெளியிட்டன. சீட்டை எண்ணாமல், தட்டில் வந்ததை எண்ணிய ஆய்வு என்று சொல்லலாம்.

மனித மூளையில் ஒரு சங்கடம் உண்டு. கிடைப்பது கடைசி நாளின் படம் மட்டுமே. நோய் தொடங்கிய மணி நேரத்தில் எது முதலில் ஏறியது என்பதை எலியில்தான் நாள் வாரியாகப் பார்க்க முடியும். அதோடு ஆர்என்ஏ எளிதில் சிதையும், இறப்புக்கும் திசு எடுப்பதற்கும் நடுவில் போகும் நேரம் முடிவைக் குழப்பும். இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இறந்த நாயின் மூளையைக் கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வது இதற்காக இல்லை. அங்கே ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்புப் புரதத்தால் வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

12. சில பேருக்கு வெறி வருது, சில பேருக்குக் கை கால் விழுந்துடுது. ரெண்டும் வேற வேற வைரஸா?

ஒரே நாய் கடித்த இருவரில் ஒருவருக்கு அப்படி, இன்னொருவருக்கு இப்படி வரலாம் என்பதால், வைரஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மனித ரேபிஸில் சுமார் 20 சதவீதம் பக்கவாத வகை. தண்ணீரைக் கண்டு நடுங்காததால் இதை வேறு நரம்பு நோய் என்று நினைத்துவிடும் ஆபத்து அதிகம். மேலே சொன்ன பெங்களூரு ஆய்வில் இரண்டு வகை மூளைகளிலும் மாறிய புரதங்களின் பட்டியல் ஒன்றாக இல்லை. விருந்தாளி ஒருவர்தான், வீட்டுக்கு வீடு பதில் வேறு.

13. டிஎன்ஏ எழுத்து மாறாதுன்னீங்க. எபிஜெனெடிக்ஸ் மாறலாமில்ல?

மாறலாம், மாறுகிறது. டிஎன்ஏ சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டும் சின்ன வேதிக் குறிகள்தான் ஒரு மரபணுவை வாசிக்கலாமா, மூடி வைக்கலாமா என்று சொல்கின்றன. 2020ல் சீனாவின் ஊஹான் நகர ஆய்வாளர்கள் எலியில் ஓர் அருமையான சங்கிலியைக் காட்டினார்கள். வைரஸ் தொற்றினால் ஈடல் என்ற நீண்ட ஆர்என்ஏ கூடுகிறது. இது எந்தப் புரதத்துக்கும் சீட்டு இல்லை, ஆர்என்ஏவாகவே வேலை செய்வது. மரபணுவை மூடும் குறியை ஒட்டுகிற ஈஇசட்ஹெச்-2 என்ற புரதத்தை இது பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. குறி குறைய, பிசிபி-4எல்1 என்ற மரபணு திறந்துகொண்டு வைரஸின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது.

எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 3ஆம் பதில் அப்படியே நிற்கிறது.

14. எந்த ஜீன்னு தெரிஞ்சுபோச்சு. அதைத் திருப்பிவிட மருந்து போட்டா பிழைக்க வைக்கலாமே?

அறிகுறி தெரியும் நாளில் வைரஸ் மூளை முழுக்கப் பரவியிருக்கும். ஏறியவை நூற்றுக்கணக்கில், இறங்கியவை நூற்றுக்கணக்கில். அவற்றில் எது நோய், எது நோயை எதிர்க்கும் முயற்சி என்பது 9ஆம் பதிலில் பார்த்ததுபோல் பின்னிக் கிடக்கிறது. மருந்து தாண்ட வேண்டிய ரத்த-மூளைத் தடுப்போ (10ஆம் பதில்) மூடிக் கிடக்கிறது. 

2004ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண், ஊசியே போடாமல் ரேபிஸ் வந்து பிழைத்தாள். மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருந்தார்கள். மூளையை ஓய்வில் வைத்தால், செல் சாகாத நோய்தானே, உடம்பு மீளும் வரை காக்கலாம் என்பது எண்ணம். யோசனை 5ஆம் பதிலோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அதே முறையைப் பின்பற்றிய பல இடங்களில் நோயாளிகள் இறந்தார்கள். அந்தப் பெண்ணின் உடலில் மருத்துவமனைக்கு வரும்போதே எதிர்ப்புப் புரதம் இருந்தது. பிழைத்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைப்பவர்கள் அதிகம், நானும் அந்தக் கட்சி.

15. ஊசி போட்டா அதுவே மூளையைப் பாதிக்கும்னு எங்க மாமா சொல்றார்.

மாமா சொல்வது பழைய ஊசியைப் பற்றியாக இருக்கும். 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ஊசி, வைரஸ் ஏற்றிய ஆட்டு மூளையை அரைத்துச் செய்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அதிலிருந்த நரம்புத் திசுவுக்கு எதிராக நம் உடம்பு கிளம்பி, சிலருக்கு மூளையும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டது உண்மை. இந்தியாவில் அது 2005 வாக்கில் நிறுத்தப்பட்டது.

இப்போது போடுவது செல் வளர்ப்பில் வளர்த்துச் செயலிழக்க வைத்த வைரஸ். அது பெருகாது, மூளைக்குப் போகாது, அங்கே எந்த மரபணுவையும் தொடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் போடுவார்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்திலேயே எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

16. நாய்க்கு ஏன் கடிக்கிற வெறி வருது? அதுக்கும் ஒரு ஜீன் இருக்கா?

‘கடிக்கும் மரபணு’ என்று ஒன்று இல்லை. ஜி புரதத்தின் ஒரு சிறு பகுதி பாம்பு விஷத்திலுள்ள நரம்பு நச்சைப் போல இருக்கிறது, நரம்புச் செல்களின் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் ஒட்டும். அலாஸ்காவில் 2017ல் அந்தச் சிறு துண்டை மட்டும் எலி மூளையில் செலுத்தினார்கள். எலிகளின் ஓட்டம் கூடியது. வைரஸும் பெருகாமல், மரபணு மாற்றத்துக்குக் காத்திருக்காமல், புரதம் நேரடியாகவே நடத்தையை அசைக்கலாம் என்பதற்கு இது சான்று.

மூளையில் பெருகிய வைரஸ் நரம்பு வழியே எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் வைரஸ் இருக்கும் நாய், நாள் கணக்கில் நோயில் விழுந்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது அதனால்தான். பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. போட ஆரம்பித்துவிட்டுக் கவனியுங்கள்.

17. ரேபிஸ் வைரஸை வச்சே மூளையை வரைபடம் போடறாங்களாமே? அந்த வைரஸ் ஜீனை மாத்தினா படம் தப்பாகாதா?

நரம்பியல் படிக்கும் ஒருவர் கேட்டது. ஜி புரதத்தின் மரபணுவை எடுத்துவிட்ட வைரஸ், ஒரு செல்லிலிருந்து அதற்குச் சேதி அனுப்பும் செல்லுக்கு ஒரே ஒரு தாவல் தாவும்படி அமைத்த முறை 2007ல் வந்தது. எந்த நரம்பு எதோடு பேசுகிறது என்று கண்டுபிடிக்க இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சந்தேகம் நியாயமானது. செல் செல்லாகப் பிரித்து ஆர்என்ஏவை எண்ணிய 2022 ஆய்வில், வைரஸ் புகுந்த நரம்புச் செல்களில் எதிர்ப்பு மரபணுக்கள் ஏறியும் வேறு பல இறங்கியும் இருந்தன. ஆனாலும் அது எந்த வகை நரம்புச் செல் என்று இனம் காணும் அளவுக்கு அடையாள மரபணுக்கள் மிச்சம் இருந்தன. எனவே படம் வரையலாம். அந்தச் செல்லின் இயல்பான செயல்பாடு இதுதான் என்று அதே மாதிரியிலிருந்து சொல்லக் கூடாது.

18. கடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, ஊசி போடல. மூளையில ஜீன் மாறியிருக்கான்னு ரத்த டெஸ்ட்ல பாக்க முடியுமா?

முடியாது. வைரஸ் இன்னும் வழியில் இருந்தால் மூளையில் பார்க்க எதுவும் இருக்காது (1ஆம் பதில்). மூளைக்குப் போயிருந்தாலும் அங்கே நடப்பது ரத்தத்தில் எதிரொலிக்காது (10ஆம் பதில்). அறிகுறி வந்த பிறகு எச்சில், கழுத்தின் பின்புறத் தோல், தண்டுவட நீர் இவற்றில் வைரஸைத் தேடுவார்கள். அந்தச் சோதனைகளும் அறிகுறி வருமுன் நிம்மதி தராது.

எத்தனை மாதம் ஆனாலும் அறிகுறி இல்லாதவரை ஊசி போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு ஆழமாகக் கடித்தது, அந்த நாய் பிறகு என்ன ஆனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.